சத்தம் போட்டால் வேகமா?

தி.நகரில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல், ஜவுளிக்கடை ஷட்டர்கள் எல்லாம் இறங்கிய பிறகு, சில நாள் ஒரு சத்தம் கேட்கும். டமடமவென்று ஆரம்பிக்கும், மேம்பாலம் ஏறும்போது கர்ஜிக்கும், இறங்கும்போது தீபாவளி மிச்சம் போல இரண்டு வெடி வெடிக்கும். ஃபெராரியோ என்று பால்கனிக்கு ஓடி வந்து பார்த்தால், கீழே போவது இருபது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு பேங்க் ஆபீசர் லோன் போட்டு வாங்கிய ஃபோர்டு ஐகான். பின்பக்கம் மட்டும் டிபன் கேரியர் சைஸில் ஒரு சைலன்ஸர்.

பழைய கார் வாங்கி அதை வேகமாக ஓட வைக்க ஆசைப்படுவதில் ஒரு தப்பும் கிடையாது மக்களே. இருபது வயதில் அந்த ஆசை வராவிட்டால் பிறகு எப்போது வரும்? தப்பு இருப்பது காசு போகிற வரிசையில். முதல் ரூபாய் சைலன்ஸருக்குப் போகிறது, கடைசி ரூபாய் பிரேக்குக்கு. பல பேர் விஷயத்தில் அந்தக் கடைசி ரூபாய் மிஞ்சுவதே இல்லை. இந்த வரிசை தலைகீழ். காசையும் தின்னும், காரையும் தின்னும், ஒரு நாள் ஆளையும் தின்னும்.

ஏன் இந்த ஐகான் மோகம் என்று புரியாதவர்களுக்குக் கொஞ்சம் சரித்திரம். வெளிநாட்டில் ஏழைக்கேற்ற ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒரு ஜாதி உண்டு. 1989இல் வந்த மஸ்டா மியாட்டா மாதிரி: இரண்டே சீட், 1.6 லிட்டர் எஞ்சின், ஒரு டன்னுக்குள் எடை. நம் ஊரில் அந்த ஜாதி ஏறக்குறைய இல்லவே இல்லை. மாருதி 800 எஞ்சினின் சக்தி நாற்பது குதிரைத்திறனைத் தொடாத காலத்தில், 1999 கடைசியில், சென்னைக்குப் பக்கத்து மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து ஐகான் வந்தது. அதன் 1.6 லிட்டர் ரோகாம் எஞ்சின் 92 குதிரைத்திறன். விளம்பரத்தில் 'ஜோஷ்' என்ற ஒரே வார்த்தையை வைத்து விற்றார்கள். அதே காலத்தில் ஹோண்டா சிட்டி வி-டெக் 106, ஃபியட் பாலியோ 1.6 ஏறக்குறைய 100. குடும்பத்தோடு திருப்பதி போக வாங்கிய கார்களுக்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் ஒளிந்திருந்தது. மூன்றுமே இன்று உற்பத்தியில் இல்லை. மறைமலை நகரில் ஃபோர்டு கார் தயாரிப்பு 2022இல் நின்றது. செகண்ட் ஹேண்டில் ஒரு நல்ல ஐகான், புது பைக் ஒன்றின் விலைக்கே கிடைக்கும். காலேஜ் முடித்து முதல் சம்பளம் வாங்கும் பையனுக்குக் கை எட்டும் ஒரே ஸ்போர்ட்ஸ் கார் இதுதான்.

வாங்கியாச்சு. அடுத்து என்ன? இங்கேதான் அந்தத் தலைகீழ் வரிசை ஆரம்பிக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சைலன்ஸர். கடைக்காரர் சொல்வது: "புகை ஃப்ரீயா வெளியே போகும் தம்பி, பவர் ஏறும்." ஏறட்டும். 92இல் 5 குதிரைத்திறன் கூடுவதாகவே தாராளமாக வைத்துக்கொள்வோம். அதாவது ஐந்தரை சதவீதம். வேகம் அதே விகிதத்தில் கூடாது. அதிவேகத்தில் கார் சண்டை போடுவது காற்றோடு. காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தின் மூன்று மடிப் பெருக்கத்தில் ஏறும். ஐந்தரை சதவீதச் சக்திக்குக் கிடைக்கும் உச்ச வேகம் இரண்டு சதவீதம்கூட இல்லை. 160இல் போகிற கார் 163இல் போகும். அந்த 160ஐயே தி.நகரில் எங்கே போய்ப் போடுவது? தெற்கு உஸ்மான் சாலையையும் சி.ஐ.டி. நகரையும் இணைத்து 2025இல் திறந்த மேம்பாலம் சுமார் 1.2 கிலோமீட்டர். 60இல் போனால் 72 வினாடி. உயிரைப் பணயம் வைத்து 120இல் போனால் 36 வினாடி. மிச்சம் பிடித்த 36 வினாடியும் அடுத்த சிக்னலில் கரைந்துவிடும்.

சக்தி ஏறியதோ இல்லையோ, சத்தம் நிச்சயம் ஏறும். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் 45 டெசிபல்தான் வரம்பு என்கிறது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. தூங்கும் குழந்தைக்கும் மாத்திரை போட்டுப் படுத்த தாத்தாவுக்கும் அந்த 5 குதிரைத்திறனால் என்ன லாபம்? போதாக்குறைக்கு, சில பேர் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் சேர்த்துக் கழற்றுகிறார்கள். பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 ஏப்ரல் முதல் அதைக் கட்டாயம் ஆக்கினார்கள். அது புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடைக் குறைக்கும் பொருள். அதைக் கழற்றுவது, பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவரின் மூக்கில் குழாயைச் சொருகுவதற்குச் சமம்.

அடுத்தது கோன் ஃபில்டர். கம்பெனி வைத்த கறுப்புப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, எஞ்சின் பக்கத்திலேயே சிவப்பாக ஒரு கூம்பு. பார்க்க ஜோர். ஆனால் அது எந்தக் காற்றை இழுக்கும்? பானெட்டுக்குள் வெந்து கிடக்கும் காற்றை. வெளியே 35 டிகிரி, உள்ளே 65 டிகிரி என்றால், உள்ளே இருக்கும் காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைவு. அடர்த்தி குறைந்தால் ஆக்சிஜன் குறைவு, ஆக்சிஜன் குறைந்தால் சக்தி குறைவு. சைலன்ஸரில் சம்பாதித்த 5ஐ ஃபில்டரில் தொலைத்த கதை. கம்பெனி அந்த அசிங்கமான பெட்டியையும் குழாயையும் வைத்ததே வெளிக்காற்றை உள்ளே கொண்டுவரத்தான்.

"அப்படின்னா குழாயைக் கீழே பம்பருக்குள்ள இறக்கிடலாம்" என்பார் ஒரு அதிபுத்திசாலி. இறக்கலாம். அப்புறம் ஐப்பசி மழையில் துரைசாமி சுரங்கப்பாதைப் பக்கம் போக வேண்டியதுதான். முழங்கால் தண்ணீரில் எஞ்சின் காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. வளைவது கனெக்டிங் ராடு. எஞ்சின் காலி. மேற்கு மாம்பலத்திலிருந்து தி.நகருக்குக் கார் வண்டி கட்டி வரும்.

மூன்றாவது, பெரிய அலாய் வீலும் அறுத்த ஸ்பிரிங்கும். சக்கரத்தின் சுற்றளவு 5 சதவீதம் கூடினால் எல்லா கியரும் 5 சதவீதம் சோம்பேறி ஆகிவிடும், ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். கனமான சக்கரத்தைச் சுழற்றவும் அதிக சக்தி வேண்டும், நிறுத்தவும் அதிக சக்தி வேண்டும். ஸ்பிரிங்கை கட்டரில் அறுத்துக் காரைத் தாழ்த்துவது இன்னும் மோசம். பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நகரலாம். சஸ்பென்ஷனுக்கு மேலும் கீழும் போய்வர இடமில்லாமல் டயர் ரோட்டை விட்டுத் துள்ளும். துள்ளிய டயரால் பிரேக்கும் பிடிக்க முடியாது, திரும்பவும் முடியாது. மெட்ரோ வேலை நடக்கும் நகரத்தில், தெருவுக்கு நாலு வேகத்தடை உள்ள ஊரில், இதற்குப் பெயர் பெர்ஃபார்மன்ஸாம்!

நாலாவது, 'ஸ்டேஜ் 1' என்ற மந்திரம். லேப்டாப்பைச் சொருகி எஞ்சின் கம்ப்யூட்டரைத் திருத்துவது. டர்போ உள்ள எஞ்சினில் இதற்குப் பலன் உண்டு, காற்றழுத்தத்தைக் கூட்டலாம். டர்போ இல்லாத 8 வால்வு பெட்ரோல் எஞ்சினில் கூட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. இருபது வருடம் ஓடித் தேய்ந்த எஞ்சினில் கம்ப்ரஷன் எவ்வளவு மிச்சம் என்று பார்க்காமலே ஸ்டேஜ் 1 போடுவது, சுகர் இருக்கிறதா என்று பார்க்காமலே ஒருவரை மாரத்தானுக்குப் பெயர் கொடுக்க வைப்பது மாதிரி.

சரி, குறை மட்டும் சொன்னால் எப்படி? நேர் வரிசை எது?

முதல் ரூபாய் டயருக்கு. கார் ரோட்டைத் தொடுவது நாலே இடத்தில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய உள்ளங்கை அளவு. எத்தனை குதிரை கட்டினாலும் அந்த நாலு உள்ளங்கை வழியாகத்தான் அது வேலை செய்ய வேண்டும். பழைய காரில் டயர் பட்டன் நன்றாக இருக்கும், ரப்பர் கிழடாகி இருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று உண்டு. 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்த டயர். கார் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் குனிந்து அதைப் படிக்கிறார்கள்? சாதாரணப் பள்ளிக்கூட பிசிக்ஸ் கணக்கு ஒன்று. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், நல்ல டயரோடு காய்ந்த ரோட்டில், பிரேக் மிதித்ததிலிருந்து சுமார் 20 மீட்டரில் நிற்கும். உராய்வுக் குணகம் 0.7 என்று வைத்த கணக்கு இது. தேய்ந்த டயர், ஈர ரோடு, குணகம் 0.4 என்றால் 35 மீட்டர். 15 மீட்டர்தானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். முதல் கார் அசையாமல் நிற்கும் அதே இடத்தை, இரண்டாவது கார் இன்னும் 39 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் பனகல் பூங்கா பக்கம் ரோடு கடக்கும் ஒரு அம்மா நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கையில் இரண்டு கட்டைப்பை வேறு.

இரண்டாவது ரூபாய் பிரேக்குக்கு. பேட், டிஸ்க், பின்னால் டிரம் ஷூ எல்லாம் மெக்கானிக்கே பார்த்துவிடுவார். யாரும் பார்க்காதது பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் குணம் உடையது. புது டாட் 3 ஆயில் குறைந்தபட்சம் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்ததும் அந்த அளவு 140 வரை இறங்கிவிடும். ஏற்காடு மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவி அமுங்கும், பிரேக் பிடிக்காது. பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். சைலன்ஸர் விலையில் இது ஒரு ஓரம். பழைய ஐகான்களில் ஏ.பி.எஸ். இருப்பது அபூர்வம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தப்பைத் திருத்த அங்கே கம்ப்யூட்டர் கிடையாது.

மூன்றாவது ரூபாய் ஷாக் அப்சார்பர், புஷ், எஞ்சின் மவுன்ட்டுக்கு. இருபது வருட ரப்பர் பிஸ்கட் மாதிரி நொறுங்கி இருக்கும். இதை எல்லாம் புதிதாகப் போட்டு வீல் அலைன்மென்ட்டும் பார்த்த ஐகானை ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்வது ஒன்றுதான்: வேறு கார் மாதிரி இருக்கிறது. வேறு கார் இல்லை சாமி, மறைமலை நகரில் செய்து அனுப்பிய அதே கார்தான். இடையில் யாரும் அதைச் சரியாக ஓட்டவே இல்லை.

நாலாவது ரூபாய் பெட்ரோல் வழிக்கு. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் கேஸ்கட்டும் இதை நினைத்துச் செய்தவை இல்லை. எத்தனால் அவற்றை மெதுவாகக் கெடுக்கும். பானெட்டுக்குள் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஹோஸ், கிளாம்ப், ஃபில்டர், பிளக், பிறகு ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட். எல்லாம் சரி என்றால் அந்த எஞ்சினின் 92இல் தொலைந்துபோன குதிரைகள் பல திரும்பி வரும். சைலன்ஸர் தருவதாகச் சொன்ன 5ஐ விட அது அதிகமாகவே இருக்கலாம்.

ஐந்தாவதுக்கு ரூபாயே வேண்டாம். டிக்கியில் உள்ள சப்வூஃபரை, ஆம்ப்ளிஃபயரை, இரண்டு வருடமாகக் கிடக்கும் கிரிக்கெட் கிட்டை இறக்கி வையுங்கள். எடை குறைந்தால் கார் சீக்கிரம் கிளம்பும், சீக்கிரம் நிற்கும், சுலபமாகத் திரும்பும். இலவசமாகக் கிடைக்கும் ஒரே பெர்ஃபார்மன்ஸ் இதுதான். இதைத் தமிழ்நாட்டில் நிரூபித்தும் காட்டினார்கள். கோவையின் கரிவரதன் 1980களின் கடைசியில் சாதாரண மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காரைக் கட்டினார். கூரை இல்லை, கதவு இல்லை, ஒரே சீட். எஞ்சின் நம் தெருவில் காய்கறி வாங்கப் போன அதே 796 சி.சி. அந்த வகைக் காரில் ஓட்டிப் பழகியவர்தான் பிறகு 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 டிரைவர் ஆன நரேன் கார்த்திகேயன். 

இனி எதிர்க்கேள்விகள்.

"அவனவன் காசு, அவனவன் இஷ்டம். உங்களுக்கு என்ன?" காசு அவனுடையது, ரோடு அவனுடையது இல்லை. 60இல் உள்ள இயக்க ஆற்றலைப் போல 100இல் இருப்பது கிட்டத்தட்ட 2.8 மடங்கு. அந்த ஆற்றலை எதிரே வருகிறவர் மேல் இறக்க யாருக்கும் உரிமை கிடையாது. பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலமாக்கி நடப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். தி.நகர் நடப்பவர்களின் ஊர். காருக்கு அங்கே விருந்தாளி அந்தஸ்துதான்.

"பெரிய ரேஸர்கள் எல்லாம் இப்படித்தானே ஆரம்பித்தார்கள்?" தப்பு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் ஆரம்பித்தது. உலகப்போர் கால ஓடுதளம் ஒன்றை சோழவரத்தில் பிடித்து அங்கே ரேஸ் நடத்தினார்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக். வேகம் காட்ட ஊருக்கு வெளியே இடம் தேடிப் போன பரம்பரை அது. டிராக்கில் இறங்கும் முன் ஸ்க்ரூட்டினி உண்டு. பிரேக், டயர், பெல்ட், ஹெல்மெட் எல்லாம் பார்த்த பிறகுதான் கொடி அசைப்பார்கள். எவ்வளவு சத்தம் வருகிறது என்று பார்த்து யாரும் பரிசு கொடுப்பதில்லை. ரேஸர்களைக் காப்பி அடிக்க ஆசை என்றால் அந்த ஸ்க்ரூட்டினியைக் காப்பி அடிக்கட்டும்.

"எதைச் செய்தாலும் சட்டவிரோதம், அப்புறம் எதைச் செய்தால் என்ன?" இது கொஞ்சம் நியாயமான கேள்வி, பதிலும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அசல் விவரத்துக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பு சொன்னது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. சட்டம் முரட்டுத்தனமானது என்பது உண்மை. நல்ல பிரேக் போட நினைப்பவனையும் வெடிச் சைலன்ஸர் போடுகிறவனையும் ஒரே தராசில் நிறுத்துகிறது. ஆனால் மேலே சொன்ன நேர் வரிசையைத் திரும்பப் படியுங்கள். டயர், பேட், ஆயில், புஷ், ஹோஸ். தேய்ந்ததை எடுத்துவிட்டு அதே அளவில் புதியது போடுவது மாற்றமே இல்லை, பராமரிப்பு. எந்த ஆர்.டி.ஓ.விடமும் கையைக் கட்டி நிற்க வேண்டாம். தலைகீழ் வரிசையில் உள்ளவையோ ஒன்று விடாமல் வம்பு. பதினைந்து வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்கத்தான் வேண்டும். விபத்து நடந்தால் சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ்காரர் கையை விரிக்கலாம். நிஜமாகவே வேகம் தருவது சட்டப்படி சரி, வெறும் பந்தா காட்டுவது சட்டப்படி தப்பு. இவ்வளவு வசதியான பொருத்தம் வேறு எந்த விஷயத்திலும் கிடைக்காது!

அரசாங்கத்துக்கும் ஒரு கொட்டு வைக்க வேண்டும். 2024இல் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டருக்கு விளக்கு போட்டு ஃபார்முலா 4 ரேஸ் நடத்த முடிந்தது. நல்லது, பெருமைதான். ஆனால் பழைய ஐகானோடு நிற்கும் பையனுக்கு, கம்மியான கட்டணத்தில், ஸ்க்ரூட்டினி பார்த்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதுகாப்பாக ஓட்டிப் பழக ஒரு இடம் ஏற்பாடு செய்தால், ஈ.சி.ஆரில் ராத்திரி ரேஸைத் துரத்திப் பிடிக்கும் போலீஸ் வேலையில் பாதி குறையும். அபராதச் சீட்டு மட்டுமே கொள்கை ஆகிவிடாது.

அதுவரை அந்தப் பையன் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கையில் உள்ள காசை எண்ணிவிட்டு, சைலன்ஸர் கடைக்குப் போகும் முன், காருக்குப் பக்கத்தில் குனிந்து டயரின் நாலு எண்ணைப் படிக்கட்டும். பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று மெக்கானிக்கைக் கேட்கட்டும். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாதவர் ஓட்டும் கார் எத்தனை சத்தம் போட்டாலும் அது ஸ்போர்ட்ஸ் கார் ஆகாது. வெறும் சத்தம்தான்.

டிஸ்கி: சைலன்ஸர் கடை அண்ணன்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பிரேக் பேடும் டயரும் விற்க யாரும் தடை போடவில்லை. யாவாரம் டபுள் ஆகும்!